பூங்கோதையின் வெளிவேலைகள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் பூங்கோதையின் வெளிவேலைகள் எல்லாம் என் பொறுப்பு. அதை முறையாகப் பதிவு செய்து வைக்கத்தான் இந்த டைரி. கரூரில் ஏற்றுமதி கம்பெனியில் இருந்துகொண்டு போர்வையும் தலையணை உறையும் கப்பல் கப்பலாக ஜெர்மனிக்கு அனுப்பிய ஆள் நான். ஒரு எழுத்தாளருக்கு வரும் நாலு போனைச் சமாளிப்பது பெரிய விஷயமில்லை. கம்பெனியைப் பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். கையும் சும்மாதான் இருக்கிறது.

விஷயம் இதுதான். என் மனைவி பல வருடமாக எழுதுகிறாள். மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் அரிசி மூட்டை வைக்கும் சின்ன அறையில் போய் உட்காருவாள். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்தன. வந்தது எங்கள் தெருவுக்கே தெரியாது. போன வருடம் ‘நாலாம் ஈத்து’ என்று ஒரு நாவல் வந்தது. போன மாதம் அதற்குப் பெரிய பரிசு அறிவித்தார்கள். அன்று பிடித்தது, போன் ஓயவில்லை.

காலையில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு போன். பேசிவிட்டு வந்து பார்த்தால் கடுகு கருகிப்போயிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

“ஏனுங்க, இனிமே நீங்களே பேசிருங்க. யாருகிட்ட என்ன சொல்லோணும்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது.”

“கொண்டா இங்க” என்றேன். போனை வாங்கும்போது, சொன்னால் என்ன, மனசு நிறைவாக இருந்தது.

மதியத்துக்குள் மூன்று காரியம் முடித்தேன். சென்னைப் பதிப்பாளர் அமல்ராஜிடம் இரண்டாம் பதிப்பின் அட்டைப்படம் பற்றிப் பேசினேன். நாமக்கல்லில் ஒரு கல்லூரி விழாவுக்குத் தேதி கொடுத்தேன். மலையாள மொழிபெயர்ப்புக்கு அனுமதி கேட்டவரிடம், முதலில் எழுத்துபூர்வமாக அனுப்புங்கள் என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

எல்லோரும் பான் கார்டு நகல் கேட்கிறார்கள். கேன்சல் செய்த காசோலை கேட்கிறார்கள். பேச வருவதற்கு ஒரு கல்லூரிக்காரர் ஆதார் கேட்கிறார். பிறகு புகைப்படம், சிரித்தபடி ஒன்று, சிரிக்காமல் ஒன்று. பிறகு ஆசிரியர் குறிப்பு. நானே எழுதினேன். ‘ஏற்றுமதித் துறையில் நீண்ட அனுபவம் உள்ள கணவருடன் கரூரில் வசிக்கிறார்’ என்று முடித்திருந்தேன். பூங்கோதை வாங்கிப் பார்த்து, ‘கரூரில் வசிக்கிறார்’ என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்தாள். இடப் பற்றாக்குறையாக இருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

டீக்கடையில் பொன்னுசாமி. கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவன்.

“ஏப்பா தண்டபாணி, உங்கூட்டுக்காரம்மா கதையில புருசன் பொண்டாட்டிய உட்டுட்டு ஓடிப் போயிர்றானாமா? எம் மருமவ படிச்சுப்போட்டுச் சொன்னா.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். கதைதானே, என்ன வேண்டுமானாலும் எழுதுவார்கள் என்றேன். அவன் வடையைப் பிய்த்துக்கொண்டு, “நீ கூட பானிபட்ல கொஞ்ச காலம் இருந்தியல்லோ” என்றான்.

நான் பானிபட்டில் இருந்தது கம்பெனி அனுப்பியதால். போர்வை வாங்கப் போனேன். போன இடத்தில் மூன்று வருடம் ஆகிவிட்டது. அப்போது எங்கள் மகள் நித்திலா கைக்குழந்தை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்துகொண்டுதான் இருந்தேன். பணமும் ஒழுங்காக அனுப்பினேன். இதற்குப் பெயர் ஓடிப்போவதல்ல.

நாவலை நான் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. நேரம் எங்கே இருக்கிறது?

ஜூன் 17, செவ்வாய்

ஜூலைக்கு நிகழ்ச்சிகள் நிறைந்துவிட்டன. ஈரோடு, திருச்சி, நாமக்கல், மதுரை, பெருந்துறை. சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தேன். பூங்கோதை அதன் முன்னால் நின்று பார்த்தாள்.

“இத்தனைக்கும் ஒத்துக்கிட்டீங்ளா?”

“கூப்புடற நேரத்துல போயரோணும் கோதை. நாளைக்குக் கூப்புட மாட்டாங்க.”

அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து மளிகைச் சாமான் டப்பாக்களையெல்லாம் இறக்கித் துடைத்து மறுபடி அடுக்கினாள். இந்த வாரத்தில் இது எத்தனையாவது தடவையோ. பழைய தலையணை உறைகளின் தையலைப் பிரித்து மறுபடி தைக்கிறாள். குக்கர் கேஸ்கெட்டைக் கழற்றிப் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறாள். பரிசு கிடைத்த பிறகும் வீட்டுவேலையை விடவில்லை என்று நித்திலாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவள் ஓசூரில் வேலையில் இருக்கிறாள்.

“அம்மா எழுதறாங்ளாப்பா?” என்றாள்.

“அதுக்குத்தான் நான் எல்லாத்தையும் பாத்துக்கறனே” என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

கோயமுத்தூர் விழா. நல்ல கூட்டம். முடிந்ததும் ஒரு அம்மாள் பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரையும் கணவர் விட்டுப் போய்விட்டாராம். நான் புகைப்படம் எடுத்தேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்ததால் போனை உள்ளே வைத்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பூங்கோதை ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

“ஒரே பேச்சத்தான் எல்லா ஊர்லயும் பேசறேன். பேசும்போது அது எனக்கே யாரோ பேசற மாதிரி இருக்குதுங்க.”

“பழகிரும்” என்றேன். பல்லடத்தில் நிறுத்தினார்கள். முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள்.

ஜூன் 27, வெள்ளி

சினிமா! சென்னையிலிருந்து ஹரிசங்கர் என்பவர். ஒரு படக் கம்பெனியில் கதை வாங்கும் பொறுப்பில் இருக்கிறார்.

“சார், மேடம் நாவல ஒரே மூச்சுல படிச்சேன். அந்தக் கடைசிக் காட்சி இருக்கே சார்… அதுக்காகவே பண்ணலாம்.”

“ஆமாமா, கடைசிக் காட்சி” என்றேன்.

“அதுல மட்டும் சின்னதா ஒரு டச் பண்ணுவோம். ஃபேமிலி ஆடியன்ஸுக்கு ஏத்த மாதிரி. உங்களுக்கு ஓகேதான சார்?”

“ஆடியன்ஸ்தான முக்கியம்” என்றேன்.

போனை வைத்ததும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பெனி மூடிய பிறகு நாங்கள் எதையெல்லாம் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மாடியில் மழை ஒழுகுவது உட்பட. பூங்கோதையிடம் சொன்னேன். “அப்படியா” என்றாள். பிறகு, “மாராயியா யாரப் போடுவாங்க?” என்று கேட்டாள். மாராயி யார் என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. கதாநாயகியாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

ஒப்பந்தம் மெயிலில் வந்தது. முழுக்க ஆங்கிலம். ஏற்றுமதிப் பத்திரங்களில் ஊறிய எனக்கே தலை சுற்றுகிறது. இந்தக் கதையை எந்த வடிவத்திலும், இப்போது இருக்கிற, இனிமேல் கண்டுபிடிக்கப்போகிற எல்லாக் கருவிகளிலும், அண்டசராசரம் முழுவதும் பயன்படுத்திக்கொள்ளலாமாம். நிலாவுக்கும் சேர்த்து எழுதி வாங்குகிறார்கள். நித்திலாவைப் போனில் பிடித்து ஒவ்வொரு பத்தியாகப் பார்த்தோம். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. பிறகு கேட்டாள்:

“அம்மாகிட்டக் காட்டுனீங்ளா?”

“அவள எதுக்குத் தொந்தரவு பண்றது? கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டாப் போதும்.”

கடைசியில் தமிழில் ஒரு பக்கக் கதைச் சுருக்கம். படித்தேன். மாராயி என்கிற பெண். கணவன் விட்டுப் போகிறான். அவள் எருமை வளர்த்து, ஊரில் பால் நிலையம் நடத்துகிறாள். பல வருடம் கழித்து அவன் திரும்பி வருகிறான். மன்னிப்புக் கேட்கிறான். ஊர்த் திருவிழாவில் இருவரும் சேர்கிறார்கள். சுபம்.

படித்து முடித்ததும் மனதிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது. ஏன் என்று எழுதத் தேவையில்லை. ‘கதைச் சுருக்கம் சரியாக உள்ளது, எங்களுக்குச் சம்மதம்’ என்று உடனே பதில் போட்டேன்.

ஜூலை 5, சனி

பூங்கோதைக்கு இடது கண் துடித்துக்கொண்டே இருக்கிறது. சத்துக் குறைவாக இருக்கும். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போட்டேன்.

ஜூலை 9, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தை அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பூங்கோதை மளமளவென்று போட்டுக்கொண்டே வந்தாள். ஆங்கிலப் பக்கங்களைப் பார்க்கவே இல்லை. கடைசிப் பக்கம் வந்ததும் பேனா நின்றது. படித்தாள். மறுபடி மேலேயிருந்து படித்தாள்.

“இது என்னங்க?”

“உன் கதைச் சுருக்கம்தான்.”

“இது எங்கதையில்லீங்க.”

சின்ன டச் மட்டும்தான், ஆடியன்ஸுக்காக, என்று சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இத நீங்க படிச்சுட்டுத்தான் சரின்னு சொன்னீங்ளா?”

“படிச்சேன்.”

“இதச் சொல்லலீங்க. புஸ்தகத்தக் கேக்கறேன்.”

நேரமில்லை என்று ஏதோ சொன்னேன். பரிசு அறிவித்ததிலிருந்து வேலை அதிகம் என்றேன். புத்தகம் வந்து ஒரு வருடமாகிறது என்பது சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கையெழுத்துப் போட்ட தாள்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தட்டி ஓரம் சரிசெய்து என் பக்கம் தள்ளினாள்.

“ஊர் ஊராக் கூட்டிட்டுப் போயி இந்தப் புஸ்தகத்தப் பத்திப் பேச வெச்சீங்க. முன்வரிசையில உக்காந்து கை தட்டுனீங்க. நீங்க எதுக்குக் கை தட்டுனீங்க?”

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். ஒரு மணி நேரம் கழித்து வெறும் கையோடு திரும்பி வந்து உலை வைத்தாள்.

ஜூலை 10, வியாழன்

பேச்சு இல்லை. ஹரிசங்கர் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. மதியம் அவள் தூங்கும்போது அலமாரியிலிருந்து ‘நாலாம் ஈத்து’வை எடுத்தேன். பத்தாம் பக்கத்தில் நான் அடையாளத்துக்கு வைத்த பேருந்துச் சீட்டு இருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஜூலை 12, சனி

படித்து முடித்துவிட்டேன்.

போன் அடித்தது, கேட்கவில்லை. கேஸ்காரன் வந்து திரும்பிப் போய்விட்டான். எருமை நாலாம் ஈத்தாகக் கன்று போடும் இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நாள் முழுதும் மழையில் நனைந்துகொண்டு மாராயி அந்த எருமையோடு நிற்கிறாள். கன்று தலைகீழாக இருக்கிறது. மருத்துவர் வரவில்லை. கடைசியில் அவளே கையை விட்டுத் திருப்பி எடுக்கிறாள். பூங்கோதைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆமாம், அவள் அப்பா வீட்டில் எருமை இருந்தது. முப்பது வருடத்தில் ஒருமுறைகூட அவளிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

இன்னொரு விஷயம். பக்கத்துக்குப் பக்கம் என்னைத் தேடிக்கொண்டேதான் படித்தேன். இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்று. நான் வரவே இல்லை. ஓடிப்போகிறவன் பெயர் ரங்கன். நல்ல பாட்டுக்காரன். சீட்டாடுகிறான், எல்லோரையும் சிரிக்க வைக்கிறான், எருமைக்குக்கூடப் பாட்டுப் பாடுகிறான். அவன் போனதும் ஊரே வெறிச்சென்று ஆகிவிடுகிறது. நான் யாரையும் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. நான் பானிபட்டுக்குப் போனபோது எங்கள் தெரு வெறிச்சென்று ஆனதாகத் தகவல் இல்லை.

நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கிறது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

“படிச்சுட்டேன்.”

தலை நிமிரவில்லை. “ம்.”

“மாராயி கையை விட்டுக் கன்னுக்குட்டிய எடுக்கறா பாரு, அங்க எனக்கு…” மேலே வரவில்லை. “நல்லாருக்குது கோதை” என்றேன். இவ்வளவு மொக்கையாகவா சொல்வது என்று எனக்கே இருந்தது.

கத்தி நின்றது.

“நானு இதுல எங்கியுமே இல்லியே” என்றேன்.

இப்போதுதான் நிமிர்ந்தாள். “அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் ஒரு வருசமாப் படிக்கலீங்ளா?”

நான் ஒரு கத்திரிக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினேன்.

“உங்கள எழுத இன்னும் எனக்கு வரலீங்க” என்றாள். “ரெண்டு மூணு தடவ ஆரம்பிச்சேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற ஆள எப்படி எழுதறது?”

கொஞ்சம் சிரித்தாளோ என்னவோ, கத்திரிக்காயைத் தண்ணீரில் போடக் குனிந்துவிட்டாள்.

மதியம் ஹரிசங்கருக்கு நானே போன் செய்தேன். கதையின் முடிவை மாற்ற முடியாது என்றேன். “சார், நீங்கதான சம்மதம்னு மெயில் போட்டீங்க” என்றார். ஆமாம், தெரியாமல் போட்டுவிட்டேன் என்றேன். நேரில் வந்து முதலாளியிடம் பேசுங்கள் என்றார்.

ஜூலை 17, வியாழன்

சென்னை. பூங்கோதையும் வந்தாள். கண்ணாடிக் கட்டடம். உள்ளே குளிர். முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். காபி வரவழைத்தார்.

“அம்மா, பேமிலியோட வந்து உக்கார்றவங்க அழுதுட்டே எந்திரிச்சுப் போகக்கூடாது. அந்தம்மா அவன ஏத்துக்கிட்டா என்ன குறைஞ்சுடும்?”

பூங்கோதை வாயைத் திறந்தாள், மூடினாள். எனக்குத் தெரியும், தன் கதைக்காகத் தானே வாதாட அவளுக்கு வராது. நான் பேச ஆரம்பித்தேன். பேரம் பேசத்தான் ஆரம்பித்தேன். ஆனால் வாயில் வந்தது கதை.

“சார், அவ அவன விரட்டலீங்க. அதப் பாருங்க மொதல்ல. வாசல்ல நிக்கறான். வயசாயிப்போச்சு. இவ உள்ள கூப்புட்டுச் சோறு போடறா. அவனுக்குப் புடிச்ச அவரைக்காப் பொரியல். எப்படி இருந்தீங்கன்னு கேக்கறா. அவன் ஒரு பாட்டுப் பாடறான், அவ சிரிக்கக்கூடச் செய்யறா. காலையில பஸ் ஸ்டாப்புக்கு அவளே கூட வர்றா. சீட்டுக்குக் காசு குடுக்கறா. ‘போகட்டுமா’ன்னு கேக்கறான். ‘பஸ் வந்துருச்சு’ங்கறா. அவ்வளவுதான். பஸ் போனதும் அவ அழுதுட்டே…”

“அழுவலீங்க” என்றாள் பூங்கோதை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“அழுவல. பால் நிலையத்துக்கு வந்து கேனைக் கழுவறா.”

“ஆமா, கேனைக் கழுவறா. லேட்டாயிருச்சு. சனம் வரிசையில நிக்குது. வந்துட்டுப் போனது யாருன்னு ஒரு கெழவி கேக்கறா. ‘பழைய வாடிக்கை’ங்கறா. ஊத்த ஆரம்பிச்சர்றா.”

ஹரிசங்கர் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி நாற்காலியில் சாய்ந்து, “நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு, “ஆனா யாரும் பாக்க மாட்டாங்க சார்” என்றார். காபியைக் குடித்துவிட்டு வந்தோம்.

ரயிலில் பூங்கோதை பேசிக்கொண்டே வந்தாள். அவரைக்காயா பீர்க்கங்காயா என்று ஒரு வாரம் குழம்பினாளாம். எனக்கு அது இவ்வளவு நாள் தெரியாது.

ஜூலை 21, திங்கள்

கம்பெனி விலகிக்கொள்வதாக மெயில். ஒரு வரிதான். அமல்ராஜ் போனில் கத்தித் தீர்த்தார். இப்படியெல்லாம் வந்த வாய்ப்பை விட்டால் பதிப்பாளர் எப்படிப் பிழைப்பது என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாடி இந்த மழைக்கும் ஒழுகும். பக்கெட் வைத்திருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

பூங்கோதை போனைத் திருப்பிக் கேட்டாள்.

“இனிமே நானே பேசிக்கறனுங்க. வேண்டாம்னு சொல்லப் பழகிக்கறேன்.”

கொடுத்துவிட்டேன். மதுரை, பெருந்துறை இரண்டையும் அவளே பேசி ரத்து செய்தாள். மன்னிப்புக் கேட்டு, காரணம் ஒன்றும் சொல்லாமல், சுருக்கமாக. என்னைவிட நன்றாகவே பேசுகிறாள்.

எனக்கு ரொம்ப சௌகரியம். கொடியில் காய்ந்த துணிகளை மடித்தேன். டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். பொன்னுசாமி, “ஏப்பா, மேனேஜர் வேலை என்னாச்சு?” என்றான். கம்பெனியை மூடியாச்சு என்றேன். பிறகு அவனிடம் ரங்கனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, டீ ஆறிப்போகும் வரை பேசியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் சின்ன அறையிலிருந்து கூப்பிட்டாள். கையில் தாள்கள்.

“புதுசு. மொத அத்தியாயம்தான். படிச்சுட்டு உண்மையச் சொல்லோணும். நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க.”

கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். ஒரு ஆள், துணி கம்பெனியில் இருந்தவன், வேலை போன மறுநாள் காலையில் வழக்கம்போல் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். எங்கே போவதென்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மதியம் வரை இருந்து, சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறான். மனைவியிடம் ஒன்றும் சொல்வதில்லை. அவளும் கேட்பதில்லை. டிபன் பாக்ஸை மட்டும் வாங்கிக் கழுவுகிறாள்.

பிப்ரவரியில் நான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது இவளுக்கு எப்படித் தெரியும்?

தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“அவன் பஸ் ஸ்டாண்டுல உக்கார மாட்டான்” என்றேன்.

“ஏனுங்க?”

“அங்க தெரிஞ்சவங்க பாத்துருவாங்க. மொத ரெண்டு நாள் வேணா உக்காருவான். அப்பறம் ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருவான். அங்க ஒரு புளிய மரம் இருக்குது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவள் என்னைப் பார்க்காமல் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

“புளிய மரமா? வேப்ப மரம்னு வெச்சா என்ன?”

“புளிய மரந்தான்.”

“கதையில வேப்ப மரம்தான் நல்லாருக்கும்.”

“வேப்ப மரமே அங்க இல்ல கோதை. அவனுக்குத் தெரியாதா?”

“எழுதறது நானா, நீங்களா?”

நான் விடவில்லை. அவளும் விடவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிழல் எங்கே விழும், டிபன் பாக்ஸில் என்ன இருந்தது, அவன் மீதியை நாய்க்குப் போட்டானா இல்லையா என்று, பால் பொங்கி அடுப்பில் வழியும் வரை சண்டை. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தேன். அவள் அதற்குள் எழுதிக்கொண்டிருந்தாள், கொஞ்ச நாளாக நான் மறந்தே போயிருந்த அந்த வேகத்தில்.

“அடுத்த அத்தியாயத்துல அவன் என்ன பண்றான்? பொண்டாட்டிகிட்டச் சொல்லீர்றானா?”

“எழுதினாத்தானுங்க தெரியும். கதவச் சாத்துங்க.”

“உள்ள இருந்தா, வெளிய இருந்தா?”

பேனாவைத் தாளிலிருந்து எடுத்து ஒரு நிமிடம் யோசித்தாள்.

“வெளிய இருந்து” என்றாள்.

சாத்தினேன்.